ஜன்னத் என்னும் சொல்: பொருளும் வழக்கும்

தமிழில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகப் பகுத்தார் தொல்காப்பியர். பிற்காலத்தே கடல்வழி வந்த வணிகராலும், நிலவழி வந்த ஆட்சியாளராலும், பள்ளிவாசல்களைச் சார்ந்து எழுந்த மதரசாக்களாலும் தமிழுக்குள் புகுந்த அறபுச் சொற்களை அவர் கண்டிருப்பாராயின், திசைச்சொல்லின் பாற்படுத்தியிருப்பார் என்றே கருதுகிறோம். வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஆஜர், மகசூல் என்பன இன்று எச்சமயத்தார்க்கும் பொதுவான தமிழ்ச் சொற்கள். நீதிமன்றத்திலும் சந்தையிலும் இவற்றை வழங்குவோர்க்கு இவை அறபு மொழியின என்னும் நினைவே இல்லை. ஒரு சொல் ஒரு மொழியில் முழுவதும் குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

சமயச் சொற்களின் நிலை வேறு. அவை நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் நாள்தோறும் ஒலிக்கின்றன. ஆயினும் ஒலியளவில் நின்றுவிடுகின்றன. பொருளை நின்று நினைப்பார் அரியர். ‘ஜன்னத்’ என்னும் சொல் அத்தகையது. அச்சொல்லுக்குப் பொருள் யாது என்று நம் வகுப்பு மாணவ மாணவியரை வினவினால் ‘சுவர்க்கம்’ என்னும் விடை உடனே வரும். சுவர்க்கம் என்றால் யாது என்று மீண்டும் வினவினால் விரல்கள் வானத்தை நோக்கி உயரும். எவரும் தரையைச் சுட்டுவதில்லை. இக்கட்டுரை தரையைச் சுட்டுவதற்காக எழுதப்படுவது.

அறபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து பிறந்தது ‘ஜன்னத்’. மறைத்தல், மூடுதல் என்பது அவ்வேரின் பொருள். கண்ணுக்குப் புலனாகாத படைப்பு ஆதலின் ‘ஜின்’. தாயின் வயிற்றில் மறைந்திருப்பது ஆதலின் கருவுக்கு ‘ஜனீன்’. அறிவு மூடப்பட்டவன் ஆதலின் பித்தனுக்கு ‘மஜ்னூன்’. உடலை மறைத்துக் காப்பது ஆதலின் கேடயத்திற்கு ‘ஜுன்னத்’. இரவு உலகை மூடுவதைக் குறிக்கவும் இவ்வேரின் வினைச்சொல்லே ஆளப்படுகிறது. இவ்வரிசையில் வைத்து எண்ணினால், மரங்கள் நெருங்கி வளர்ந்து, இலைக்கூட்டம் தரையை வெயிலினின்றும் மறைக்கும் தோட்டமே ‘ஜன்னத்’ என்பது விளங்கும். நிழல்தான் இச்சொல்லின் உயிர். லைலாவை நினைந்து பித்தான மஜ்னூனும், தாயின் வயிற்றுக் கருவும், பாலாற்றங்கரையின் தென்னந்தோப்பும் ஒரே வேரின் நிழலில் நிற்கக் காண்பது மொழி பயில்வார்க்கு உவகை தருவதாகும்.

திருக்குர்ஆன் இச்சொல்லை மறுமைக்கு மட்டும் ஆளவில்லை என்பதே ஈண்டு முதற்கண் நோக்கத்தக்கது. இம்மையில், மனிதர் கைகளால் உழுது நீர் பாய்ச்சி வளர்த்த தோட்டங்களுக்கும் அதே சொல்தான். வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் ‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் இரு தோட்டங்களை உடைய செல்வன் ஒருவன் வருகிறான். திராட்சைக் கொடிகள், சுற்றிலும் பேரீச்ச மரங்கள், நடுவே பயிர், ஊடே ஓர் ஆறு. இவையெல்லாம் என்றும் அழியா என்று அவன் இறுமாந்து கூறுகிறான். அவனுடைய தோழன் அவனை எச்சரிக்கிறான். வானத்திலிருந்து அழிவு வரலாம் என்பது எச்சரிக்கையின் ஒரு பாதி. தோட்டத்தின் நீர் மீண்டும் தேடிப் பெற இயலாத ஆழத்திற்குள் இறங்கிவிடலாம் என்பது மறுபாதி. அடுத்த காட்சியில் அவன் கைகளைப் பிசைந்து நிற்கிறான். ‘கலம்’ அத்தியாயத்தில் வேறொரு தோட்டம். ஏழை ஒருவனும் உள்ளே வந்துவிடலாகாது என்று விடியற்காலையில் கனி பறிக்கப் புறப்பட்டவர்கள், இரவோடு இரவாக அது கரிந்து கிடக்கக் கண்டனர். ‘ஸபா’ அத்தியாயத்திலும் தோட்டங்கள் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவையனைத்திலும் வரும் சொல் ‘ஜன்னத்’ என்பதே. மறுமையின் தோட்டத்திற்கும் இம்மையின் தோட்டத்திற்கும் ஒரே சொல்லை வைத்ததனால், ஒன்றைப் பேசும்போது மற்றொன்றும் உடன் ஒலிக்கிறது. அறபு ஓதுவார் செவியில் இவ்விணைப்பு இயல்பாகவே விழும். தமிழில் ஓதுவார் செவியில் விழுவதில்லை. ஏன் என்பதற்கு விடை நம் மொழிபெயர்ப்பு மரபில் உள்ளது.

மறுமை உலகைக் குறிக்கப் பழந்தமிழில் ‘துறக்கம்’ என்னும் சொல் இருந்தது. புத்தேளுலகு, பொன்னுலகு என்பனவும் இருந்தன. வடமொழியினின்று ‘சுவர்க்கம்’ வந்தது. ஒளியுடைய வான் என்னும் கருத்து அச்சொல்லின் அடியில் உள்ளது. நம் முன்னோர் ‘ஜன்னத்’ என்பதைத் தமிழில் சொல்ல முற்பட்டபோது சுவர்க்கம், சுவனம், சுவனபதி ஆகிய சொற்களையே கைக்கொண்டனர். ‘பதி’ என்பது ஊர். ஆகவே தோட்டம் ஊராயிற்று. தரையில் இருந்தது வானுக்கு ஏறிற்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்று ‘பாகவி’ என்னும் பட்டம் பெற்ற ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் இருபதாம் நூற்றாண்டில் செய்தளித்த திருக்குர்ஆன் தமிழாக்கத்தில் ‘சுவனபதி’ என்னும் சொல்லே பெரிதும் பயில்கிறது. முழுமையான தமிழாக்கம் ஒன்று இல்லாதிருந்த காலத்தில் அவர் ஆற்றிய பணி எத்துணைப் பெரிது என்பதைக் கற்றோர் அறிவர். அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் காலத்துத் தமிழ் முஸ்லிம்களின் நாவில் எச்சொல் இருந்ததோ அதனையே அவர் ஆண்டார். பின்வந்த மொழிபெயர்ப்பாளர் சிலர் ‘சுவனச் சோலை’ என்று தோட்டத்தை ஓரளவு மீட்டனர். நம் கருத்தில் ‘சோலை’ நல்ல சொல். வெயில் நுழையாத மரச்செறிவைக் குறிக்கச் சங்கப் புலவர்கள் அதனை ஆண்டுள்ளனர். ஜன்னத்தின் வேர்ப்பொருளாகிய மறைத்தலும் அதனுள் அடங்கும். முன்னே நிற்கும் ‘சுவனம்’ இல்லாமலேயே அது தனித்து நிற்கவல்லது.

‘பிர்தவ்ஸ்’ என்பது மற்றொரு சொல். திருக்குர்ஆனில் இருமுறையே வருவது. இறைவனிடம் வேண்டுங்கால் பிர்தவ்ஸையே வேண்டுக என்பது நபிமொழி. பழம் பாரசீக மொழிகளில் சுவர் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த ஒரு சொல்லே கிரேக்கத்திற்குச் சென்று ‘பரதைசோஸ்’ ஆயிற்று. அதுவே ஆங்கிலத்தின் ‘பாரடைஸ்’. தமிழ் விவிலியத்தின் ‘பரதீசு’. அச்சொல்லின் மற்றொரு கிளையே அறபு மொழியின் ‘பிர்தவ்ஸ்’. பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் இருப்பதை நாமெல்லாம் அறிவோம். அவ்வளாகத்துச் சிற்றாலயத்தில் ‘பரதீசு’ என்று படிக்கப்படுவதும், சற்றுத் தொலைவில் உள்ள பள்ளிவாசலில் ‘பிர்தவ்ஸ்’ என்று ஓதப்படுவதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு மேல் இருவேறு வழிகளில் நடந்த ஒரு சொல் பாகாயத்துச் சாலையில் தன்னையே சந்தித்துக்கொள்கிறது. (பாகாயம் என்னும் ஊர்ப்பெயரிலேயே தோட்டத்தைக் குறிக்கும் ‘பாக்’ என்னும் பாரசீகச் சொல் ஒலிப்பதாக மாணவர் சிலர் மகிழ்வதுண்டு. ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊர்ப்பெயர்க்கு வேர் காண்பது ஆய்வு நெறியன்று என்று அவர்கட்குச் சொல்லி வைக்கிறோம்.)

இனி வழக்கிற்கு வருவோம். நம் பெண்மக்களுக்கு ஜன்னத், பிர்தவ்ஸ், கவ்ஸர், தஸ்னீம், ஸல்ஸபீல் என்று பெயரிடுகிறோம். ஆண்மக்களுக்கு ரய்யான், ரிஸ்வான் என்று பெயரிடுகிறோம். இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். கவ்ஸர், தஸ்னீம், ஸல்ஸபீல் ஆகிய மூன்றும் நீரின் பெயர்கள். நோன்பாளிகள் நுழையும் வாயிலாகிய ரய்யான் என்பதன் பொருளோ தாகம் தணிந்த நிலை. தொழுகை முடிந்து வெளிவருவாரிடம் அத்தர் விற்போர் நீட்டும் சிறு குப்பியிலும் ‘ஜன்னத்துல் பிர்தவ்ஸ்’ என்றே எழுதியிருக்கும். மதீனாவின் அடக்கத்தலம் நம்மிடையே ‘ஜன்னத்துல் பகீஃ’ என்றும், மக்காவினது ‘ஜன்னத்துல் முஅல்லா’ என்றும் வழங்கும். இறந்தோர் துயிலும் இடத்தையும் தோட்டம் என்றே அழைத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திற்கும் மிம்பருக்கும் இடைப்பட்ட இடம் சுவனத் தோட்டங்களுள் ஒன்று என்னும் நபிமொழியில் ‘ரவ்ளா’ என்னும் சொல் வருகிறது, அதுவும் தோட்டமே. தாயின் காலடியில் சுவர்க்கம் என்னும் கருத்தினைத் திருமண மண்டபங்களில் எழுதி வைக்கின்றோம். அங்கும் மூலத்தில் இருப்பது ஜன்னத்தே. தாயின் காலடி என்பதும் தரையே.

‘ரவ்ளா’ என்றபோது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அறபு மொழியின் ‘ளாத்’ என்னும் எழுத்தினைப் பாரசீகமும் உருதுவும் ஸகரம் போல ஒலிக்க, தமிழர் நாவு அதனை ளகரத்தால் ஏற்றது. ரமளான், ஒளு, பர்ளு, களா என்பன காண்க. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் வழங்குவதால், ஒரு வீட்டில் ‘ரம்ஜான்’ என்பார். எதிர்வீட்டில் ‘ரமளான்’ என்பார். இவற்றுள் எது சரி என்று இளைஞர் வாதிடுவதுண்டு. வாதிட ஏதும் இல்லை. இரண்டும் தத்தம் மொழியின் இயல்பு. நாவுக்கு எட்டாத ஒலியைத் தனக்குரிய ஒலியால் ஏற்பது மொழியின் ஆற்றலே அன்றிக் குறையன்று.

இறைநூல் பாலைநில மக்களிடை இறங்கியமையால் அங்கே தோட்டமும் நீரும் பெரிதாகப் பேசப்பட்டன என்று விளக்கம் கூறி அமைவாரும் உளர். இதில் பாதி உண்மை இருக்கலாம். ஆயினும் இவ்விளக்கம் நமக்கு நிறைவளிப்பதில்லை. வளமான மருதநிலத்தார்க்கு இச்சொல் வெறும் அணி என்பது போன்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது. உமறுப் புலவரை எண்ணிப் பார்க்கலாம். சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அறபு நாட்டைப் பாடப் புகுந்தவர், மழையும் ஆறும் வயலும் சோலையுமாகத் தமிழ் மருதத்தையே அங்குக் கொண்டுபோய் வைத்தார். அறியாமையால் செய்தாரல்லர், காப்பிய மரபு அது. நபிகள் நாயகம் பிறந்த நாட்டைச் சிறப்பிக்க அவருக்குத் தெரிந்த மிகச் சிறந்த பொருள் நீர் நிறைந்த ஆறுதான். நீரின் அருமை பாலையில் வாழ்வார்க்கு மட்டும் உரித்தன்று. இன்று நாம் நாட்டுப் படலத்தை நடத்தும் வகுப்பில் இருக்கும் மாணவர்கள், வேலூர்ப் பாலத்தின்மேல் பேருந்தில் வரும்போது கண்டு வருவது மணலும் முட்புதரும்.

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஊடே வந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியே கடல் சேர்வது. ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் இராது. 2021 நவம்பரில் இருகரை புரண்டு ஓடியபோது முதன்முறையாக நீரைக் கண்ட இளைஞர் பலர் பாலங்களின்மேல் நின்று வேடிக்கை பார்த்தனர். ஆனால் பாலாற்றை வறண்ட ஆறு என்பது பிழை. அது மணலுக்குக் கீழே ஓடும் ஆறு. ஆற்றுப் படுகையில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்ததும், ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கும் ஏரிக்கும் நீர் கொண்டுசென்றதும் இம்மண்ணின் பழைய அறிவு. திருக்குர்ஆன் சோலைகளைச் சொல்லும் இடங்களிலெல்லாம் பெரும்பாலும் அவற்றின் கீழே ஆறுகள் ஓடும் என்றே சொல்கிறது. அறிஞர்கள் அத்தொடர்க்கு மரங்களின் அடியிலும் மாளிகைகளின் அடியிலும் ஓடுவது என்று உரை காண்பர். அவ்வுரை நிற்க. கீழே ஆறு ஓடும் தோட்டம் என்பதனைக் கண்ணால் கண்ட மக்கள் உலகில் எவரேனும் உண்டெனின், தென்னையும் நெல்லும் வளர்த்த பாலாற்றங்கரையார் அவருள் அடங்குவர்.

அந்த ஆற்றின்மீதுதான் நம் தோல் தொழில் எழுந்தது. நல்ல நீர் இன்றித் தோல் பதனிட இயலாது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் செய்ம்மை பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தபின் குரோமிய முறை பரவியது. ஒரு கிலோ தோலைப் பக்குவப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகும் என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பில் காணும் கணக்கு. கெடாதிருக்கப் பச்சைத் தோலில் இடும் உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது நீரோடு போகிறது. குரோமியத்தைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். நிலத்தைப் பெரிதும் கெடுத்தது உப்பு. உப்பு நிறமற்றது, கிணற்றில் இறங்கியபின் மேலே வருவதில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினை இந்தியாவெங்கும் சட்டம் பயில்வோர் படிக்கின்றனர். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றது அத்தீர்ப்பினால். இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிர்க்கு உதவாததாகிவிட்டது என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பதனிடும் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. கழிவுநீரை வெளிவிடாது மறுசுழற்சி செய்யும் முறை கட்டாயமாயிற்று. ஆயினும் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றியே தீர்ப்பளிக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோர்க்கு அரசு முதலில் இழப்பீடு வழங்கிப் பின்னர் மாசு செய்தோரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஆற்றை மீட்கக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்றும் பணித்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. முதல் தீர்ப்பின்போது பிறந்தவர்கள் இன்று தம் பிள்ளைகட்கு ஜன்னத் என்று பெயரிட்டுக் கொண்டிருக்கின்றனர்.

முன்னர் நிறுத்திய ‘ஸபா’ அத்தியாயத்திற்கு இப்போது வருவோம். யமன் நாட்டில் மாரிப் அணைக்கட்டினால் செழித்த ஸபா மக்களுக்குப் பள்ளத்தாக்கின் வலமும் இடமும் இரு தோட்டங்கள். நன்றி மறந்தார்கள். அணை உடைந்து வெள்ளம் வந்தது. அதன்பின் அவ்விரு தோட்டங்களும் வேறு இரு தோட்டங்களாக மாற்றப்பட்டன என்கிறது இறைநூல். அழிக்கப்பட்டன என்று சொல்லாமல் மாற்றப்பட்டன என்று சொல்லுவதைக் கவனிக்க வேண்டும். கசப்பான கனி, ‘அத்ல்’ என்னும் மரம், சில இலந்தை மரங்கள்: மாறிய தோட்டத்தில் இருந்தவை இவை. நம் சவுக்கினைப் போன்ற தோற்றமுடைய அத்ல் மரம் உவர்நிலத்தைத் தாங்கி வளர்வது. (இலந்தையை நாம் அறிவோம், மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் அதன் இலையை இடும் வழக்கம் நம்மிடம் உண்டு.) நெல்லும் தென்னையும் நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கும் பாலாற்றங்கரை வயல்களைப் பார்த்தவர்க்கு இவ்வசனத்திற்கு நீண்ட உரை தேவைப்படாது. அந்நிலையிலும் அதற்குப் பெயர் ஜன்னத்தே. பெயர் மாறவில்லை, உள்ளிருந்தவை மாறிவிட்டன.

இவ்வாறு எழுதுவது சமுதாயப் பெரியோர்களுள் சிலர்க்கு வருத்தம் தரலாம் என்பதை அறியாதவர் அல்லேம். தோல் தொழிலால்தான் இவ்வட்டாரம் உண்டது, உடுத்தது, படித்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்ததும், தோல் வணிகராகிய வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் பெயரால் மேல்விசாரத்தில் 1965இல் கல்லூரி எழுந்ததும் தோல் வணிகச் செல்வமும் கொடை மனமும் கூடியதால் விளைந்தவை. நம் மாணவர் பலருடைய தந்தையரும் தாயரும் இன்றும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள். எல்லாச் சமயத்தார்க்கும் அங்கே வேலை உண்டு. எல்லாச் சமயத்தார் கிணறும் கெட்டதும் உண்டு. ஆற்று மணல் கொள்ளையும், ஏரிகளின் ஆக்கிரமிப்பும், மேற்பகுதியில் எழுந்த தடுப்பணைகளும் ஆற்றை வற்றச் செய்தன என்று பெரியோர் சொல்வது உண்மை. பழியனைத்தையும் தோலின் தலையில் சுமத்துவது நேர்மையன்று. ஆனால் மணல் அள்ளியவர் குற்றம் உப்பு விட்டவர் கணக்கில் கழிக்கப்படுமா? கொடுக்கல் வாங்கல் அறிந்த வணிகப் பெருமக்களிடம் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் பெரியோர்கள் தம் அறநிலையங்கட்குச் சூட்டிய பெயர்களை இங்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. தோல் வணிகராகிய காகா முகம்மது உமர் அவர்கள் ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் நிறுவிய கலாசாலைக்கு இட்ட பெயர் ‘தாருஸ்ஸலாம்’. அமைதியின் இல்லம் என்பது பொருள். சுவனத்திற்குத் திருக்குர்ஆன் தரும் பெயர்களுள் அதுவும் ஒன்று. வேலூரில் அதற்கும் முந்திய நூற்றாண்டில் தோன்றியது ‘பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்’. நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது பொருள். இத்தொடர் எங்கு வருகிறது? இரு தோட்டத்துச் செல்வனின் கதை முடிந்த கையோடு, மழையால் தழைத்துப் பின் சருகாகிப் பறக்கும் பயிரை உலக வாழ்வுக்கு உவமையாக்கி, செல்வமும் மக்களும் இவ்வுலகின் அழகே, நிலைக்கும் நற்செயல்களே இறைவனிடம் மேலானவை என்று சொல்லும் இடத்தில் வருகிறது. வேலூரின் பழம்பெரும் அறபுக் கல்லூரியின் பெயர், நீர் வற்றிப் பாழான ஒரு தோட்டத்தின் கதைக்கு அடுத்து நிற்கும் தொடர். நிறுவியோர் ஆழ்ந்து அறிந்தே இட்டிருப்பர். பெயரை நாள்தோறும் சொல்லும் நாம்தாம் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மொழியாசிரியர் என்ற முறையில் மற்றொன்றையும் சுட்டலாம். ‘பாக்கியாத்’ என்பதும், கடைக் கணக்கில் நாம் எழுதும் ‘பாக்கி’ என்பதும் ஒரே வேரின. எஞ்சி நிற்பது என்பதே இரண்டற்கும் பொருள். அறபு மொழியில் எஞ்சி நிற்கும் நன்மையைக் குறித்த வேர், தமிழ்நாட்டுச் சந்தைக்கு வந்தபோது எஞ்சி நிற்கும் கடனைக் குறித்தது.

மரம் நடுவோன் ஒருவன் நட்ட மரத்திலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்டால் அது அவனுக்கு அறமாகும் என்னும் நபிமொழியும், ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் ஒளுவில் நீரை வீணாக்கலாகாது என்னும் செய்தியும் பள்ளிவாசல் உரைகளில் கேட்டுப் பழகியவை. ‘முல்க்’ அத்தியாயத்தை இரவுதோறும் ஓதி உறங்குவோர் நம்முள் பலர். உங்கள் நீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்னும் வினாவோடுதான் அவ்வத்தியாயம் முடிகிறது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி இறங்கியும் நீர் கிட்டாத ஊர்களில் அவ்வினாவை ஓதிவிட்டு, மறுநாட் காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறோம். ஓதும் சொல்லும் வைக்கும் குடமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அவை பேசிக்கொள்ள வேண்டுமாயின் சொல்லின் பொருள் தமிழில் தெளிவாக இருத்தல் வேண்டும். ஆகவே ஜும்ஆ உரை நிகழ்த்தும் ஆலிம் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. ‘ஜன்னத்’ வரும் இடத்தில் ஒருமுறையேனும் ‘சோலை’ என்றோ ‘தோட்டம்’ என்றோ சொல்லுங்கள். ‘சுவனம்’ என்னும் பழஞ்சொல்லை விட்டுவிட வேண்டுவதில்லை. உடன் வைத்துச் சொன்னால் போதும். கேட்போருள் தோட்டத்தை இழந்தவர் இருப்பார். தோட்டம் இழக்கப்படக் காரணமானவரும் இருப்பார். இருவர்க்கும் அச்சொல் போய்ச் சேரும்.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் செய்யத்தக்க பணி உண்டு. ஊற்று, ஊற்றுக்கால், மதகு, மடை, கமலை, ஏற்றம் என நீரைச் சார்ந்து இவ்வட்டாரத்தில் வழங்கிய சொற்கள் நீரோடு சேர்ந்தே மறைந்து வருகின்றன. எந்த ஊற்றுக்கால் எந்த ஏரிக்குப் போயிற்று, எந்தக் கிணற்று நீர் எவ்வாண்டு முதல் உவர்த்தது என்பன எழுபது வயது கடந்தோர் நினைவில் மட்டுமே உள்ளன. பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளிலிருந்து வரும் நம் மாணவ மாணவியர் தத்தம் ஊர் முதியோரிடம் சென்று, சமய வேறுபாடு கருதாது, இச்சொற்களையும் ஆண்டுகளையும் கேட்டு எழுதி வருவராயின் அது இளங்கலை மாணவர்க்குரிய நல்லதோர் கள ஆய்வாகும். ஒவ்வொரு பதிவிலும் ஊரின் பெயர், கிணறு அல்லது ஊற்றுக்காலின் பெயர், நீர் கெட்ட ஆண்டு, அவ்வயலில் முன்பு விளைந்தது, இன்று நிற்பது ஆகிய ஐந்து செய்திகள் இருந்தால் போதும். வரும் கல்வியாண்டின் முதற் பருவத்திற்குள் கிடைக்கும் பட்டியலைத் துறையின் அறிவிப்புப் பலகையில் இடுவதற்கும், அதன் படியொன்றைத் தோல் தொழிலதிபர் சங்கங்கட்கும் பள்ளிவாசல் நிருவாகக் குழுக்களுக்கும் அனுப்புவதற்கும் எண்ணியுள்ளோம்.